ஒட்டுக்கேட்டலும் உற்றுக்கேட்டலும்

திருக்குறளில் 'கேள்வி' 42ஆம் அதிகாரம். 'ஒற்றாடல்' 59ஆம் அதிகாரம். இரண்டும் பொருட்பாலில், அதிலும் அரசியல் என்னும் ஒரே இயலில் அமைந்துள்ளன. ஒற்றனை அரசனுக்குக் கண்ணாகச் சொல்லுதல் மரபாயினும் அவ்வொற்றனுக்கு முதற்கருவியாவது செவியே. அறிவு பெறுதற்குத் திறந்து வைக்கும் அதே செவியைக் கொண்டுதான் பிறர் மறைவையும் மாந்தர் அறிகின்றனர். எந்தக் கேட்டல் கேள்விச் செல்வத்தைச் சாரும், எந்தக் கேட்டல் ஒற்றாடலைச் சாரும் எனப் பிரித்துரைப்பது சில இடங்களில் அரிது. அத்தகைய ஓரிடத்தில் நிற்பது, உலக நாடுகளின் படைகள் சிற்றலை வானொலியில் பேசிக்கொள்வதை வீட்டிலிருந்தபடியே கேட்டுக் குறிப்பெடுக்கும் பொழுதுபோக்கு.

சிற்றலை என்றவுடன் நம் பெரியோர்க்கு லண்டனிலிருந்து வந்த தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியும் நினைவுக்கு வரும். வானொலிப் பெட்டியின் முள்ளை மயிரிழை அளவு நகர்த்தி நிலையத்தைப் பிடித்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. ஒரு நிலையத்திலிருந்து மறு நிலையத்திற்கு அம்முள் செல்லும் வழியில் தந்தியடிப்பது போன்ற ஒலியும், வாத்து கத்துவது போன்ற தெளிவற்ற மனிதக் குரலும் கேட்டிருக்கும். இரைச்சல் என்று நாம் கடந்து போன அந்த இடைவெளியிலேயே நின்றுவிட்டவர்கள்தாம் இப்பொழுதுபோக்கினர்.

இக்கட்டுரைக்குக் காரணமானது ஒரு வினா. நெதர்லாந்து நாட்டின் ட்வென்டே பல்கலைக்கழகம் பொதுமக்கள் கேட்பதற்கென இணையத்தில் ஒரு சிற்றலை ஏற்பியை வைத்துள்ளது. எம் துறை மாணவர் ஒருவர் அதைத் தம் கைப்பேசியில் திறந்து, 4625 கிலோஹெர்ட்ஸில் இடைவிடாது ஒலிக்கும் ரஷ்யப் படைத்துறையின் ரீங்காரத்தைத் துறையில் அனைவருக்கும் கேட்கச் செய்தார். அங்கிருந்த சமுதாயப் பெரியவர் ஒருவர் சற்று நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, இது தஜஸ்ஸுஸ் ஆகாதா? மார்க்கம் இதற்கு இடம் தருமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம் வீட்டுப் பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்றும் கேட்டார். முதல் வினா அறம் பற்றியது. இரண்டாவது அச்சம் பற்றியது. இரண்டிற்கும் விடை கூறாமல் நகர்ந்துவிடலாகாது.

அதற்கு முன் கேட்கப்படும் பொருள் யாதென அறிதல் வேண்டும். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளே பொதுவாகச் சிற்றலை எனப்படும். ஒருகாலத்தில் இவை பயனற்றவை என்று ஒதுக்கப்பட்டன. 1912ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், 200 மீட்டரும் அதனினும் குறுகியவையுமான அலைகளைப் பொழுதுபோக்கினருக்கு விட்டுக்கொடுத்தது. பெரிய நிறுவனங்களுக்கு அவை வேண்டியிருக்கவில்லை. ஒதுக்கப்பட்ட அந்த அலைகளைக் கொண்டே 1923 நவம்பரில் பிரான்சு நாட்டு அமெச்சூர் ஒருவரும் அமெரிக்க அமெச்சூர் ஒருவரும் அட்லாண்டிக் கடலைக் கடந்து இருவழியாக உரையாடினர். அவ்வலைகள் மேலே சென்று அயனிமண்டலத்தில் பட்டு வளைந்து, ஆயிரக்கணக்கான கல் தொலைவில் மண்ணில் இறங்குகின்றன என்பது தெளிவாயிற்று. அம்மண்டலத்தின் இருப்பைச் சோதனையால் நிறுவிய ஆப்பிள்டன் 1947இல் நோபல் பரிசு பெற்றார். வேண்டாமென்று எளியோர்க்கு விட்டுக்கொடுத்த நிலத்தில் நீர் ஊறியதைக் கண்டதும் பெரியோர் திரும்பி வந்ததுபோல், அரசுகளும் படைகளும் சிற்றலைக்குத் திரும்பின.

இன்றும் படைகள் இவ்வலைகளைக் கைவிடவில்லை. செயற்கைக்கோள் பழுதுபட்டாலும் கடலடிக் கம்பி அறுபட்டாலும் ஒரு கம்பியும் ஒரு மின்கலமும் இருந்தால் சிற்றலை பேசும். அதன் குறையும் அதுவே. அது யாரை நோக்கிப் பேசுகிறதோ அவருக்கு மட்டும் போய்ச் சேர்வதில்லை. வானம் எங்கெல்லாம் அதைத் திருப்பி அனுப்புகிறதோ அங்கெல்லாம் கேட்கும். ஆகவே படைகள் குரலை மறைக்க முயல்வதைவிடப் பொருளை மறைக்கவே முயல்கின்றன. அமெரிக்க விமானப்படை 8992, 11175 கிலோஹெர்ட்ஸ் முதலிய அலைவரிசைகளில் எவரும் கேட்கும்படி திறந்த குரலிலேயே பேசுகிறது. ஆயினும் கேட்பவர்க்குக் கிடைப்பது எழுத்தும் எண்ணும் விரவிய ஒரு நீண்ட வரிசைதான். ஒருவர் அதை நிதானமாகப் படிப்பார், மீண்டும் ஒருமுறை படிப்பார், அவ்வளவே. அது ஒத்திகையா, உண்மை ஆணையா என்பதைக் கேட்பவர் அறியார். ரஷ்யரின் 4625 கிலோஹெர்ட்ஸ் இன்னும் விந்தையானது. ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 25 முறை ரீங்காரம். நாள் முழுவதும், ஆண்டு முழுவதும். எப்போதாவது ரீங்காரம் நின்று, ஒரு மனிதர் சில எண்களையும் ஒரு சொல்லையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி மறைவார். அந்தச் சில நொடிகளுக்காகப் பல மாதம் காத்திருப்போர் உளர்.

தமிழ் பயிற்றுவிப்பவன் என்ற முறையில் ஒன்றைக் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. இரைச்சலிடையே எழுத்துகள் ஒன்றோடொன்று மயங்காதிருக்கப் படைகள் ஒவ்வோர் எழுத்திற்கும் ஒரு சொல்லை வைத்துள்ளன. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என இன்று உலகெங்கும் வழங்கும் வரிசை 1956இல் நடைமுறைக்கு வந்தது. அதனை உருவாக்குவதில் பங்கு கொண்டவர் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் மொழியியல் அறிஞர் ழான் போல் வினே. மொழிபெயர்ப்பியல் பயில்வோர் அவரை வேறொரு நூலால் அறிவர். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மொழிகளைப் பேசுவோர் நாவில் பிறழாமல் நிற்கும் சொற்களாகத் தேர்ந்தனர். 'ஜூலியட்' என்பதன் ஈற்றில் இரண்டு 'டி' எழுத்துகள் இடப்பட்டன. ஒன்று மட்டும் இருந்தால் பிரெஞ்சுக்காரர் அதை ஒலிக்காது விட்டுவிடுவர். ஐந்தும் ஒன்பதும் மயங்குமென்று ஒன்பதை 'நைனர்' என நீட்டினர். ரஷ்யரோ எழுத்துகளுக்கு ஆட்பெயர்களையே வைத்தனர். அன்னா, போரிஸ், வசீலி என அவர்கள் உரைக்கும்போது ஒரு சிற்றூரே வரிசையில் வந்து நிற்பது போலிருக்கும். எழுத்துகளின் பிறப்பிடத்தை ஆராய்ந்து பிறப்பியல் என ஓர் இயலே வகுத்த தொல்காப்பியத்தைப் பயில்வோர்க்கு இச்செய்தி இனிக்கும். ஒலியை இழக்காமல் எழுத்தைக் கடத்துவதென்ற பழைய இடர்ப்பாட்டிற்குப் போர்க்களத்தில் கண்ட தீர்வு இது.

இப்பொழுதுபோக்கின் வரலாற்றில் போர் இருமுறை கதவைத் தட்டியது. 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது ரசல் கிளார்க் என்னும் வழக்கறிஞரும் ஹிப்பிஸ்லி என்னும் நிலக்கிழாரும் தம் சொந்தக் கருவிகளில் ஜெர்மானியக் கடற்படையின் செய்திகளைக் கேட்டனர். அதைப் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமைக்குத் தெரிவித்தனர். ஹன்ஸ்டண்டன் கடற்கரையில் அவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 1939இல் நடந்தது இதனினும் பெரிது. போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் அமெச்சூர்களின் ஒலிபரப்பிகள் பறிமுதல் செய்யப்பட்டன. கேட்கும் கருவிகள் மட்டும் எஞ்சின. அவ்வாறு செவி மட்டும் எஞ்சியவர்களிலிருந்து ஏறத்தாழ 1,500 பேரை அரசு இரகசியமாகத் தேர்ந்து, 'விருப்பக் கேட்பர்' எனத்தக்க ஒரு படையை அமைத்தது. பகலில் தத்தம் தொழிலைப் பார்த்தவர்கள் இரவில் செவிக்கருவியை மாட்டிக்கொண்டு மெல்லிய மோர்ஸ் ஒலிகளை எழுதினர். எழுதிய தாள்களை பார்னெட் என்னும் ஊரின் 25ஆம் எண் அஞ்சல் பெட்டிக்கு அனுப்பினர். தாம் எழுதிய எழுத்துக் கூட்டத்தின் பொருள் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எழுதியவரின் 'கை' தெரியும். மோர்ஸ் அடிப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித் தாளம் உண்டு. நம் கையெழுத்தைப் போன்றது அது. அலைவரிசை மாறினாலும் பெயர்க்குறி மாறினாலும் நேற்று அடித்தவரே இன்றும் அடிக்கிறார் எனத் தேர்ந்த செவி சொல்லிவிடும்.

முதலில் இங்கிலாந்துக்குள் மறைந்திருக்கும் ஒற்றரைத் தேடவே அவர்கள் அமர்த்தப்பட்டனர். கிடைத்ததோ ஐரோப்பாவெங்கும் பரவியிருந்த ஜெர்மானிய உளவுத்துறையாகிய ஆப்வேரின் செய்திப் போக்குவரத்து. அதன் கைமறைகுறி 1940இலும் எனிக்மா மறைகுறி 1941இலும் பிளெட்ச்லி பார்க்கில் உடைக்கப்பட்டன. நேச நாடுகள் பரப்பிய பொய்ச் செய்திகளை ஜெர்மானியர் நம்பினார்களா என்பதை அவர்தம் வாயிலிருந்தே அறியும் வழி அதனால் திறந்தது. 1944இல் நார்மண்டிக் கரையில் படை இறங்கியபோது அதன் பயன் தெரிந்தது.

இதில் என்னை ஈர்ப்பது வேறொன்று. அம்மனிதர்கள் போர் முடிந்த பின்னும் வாய் திறக்கவில்லை. 1979இல் பிபிசி தொலைக்காட்சி இரகசியக் கேட்பர்களைப் பற்றி ஒரு படம் காட்டும்வரை பொதுமக்கள் அவர்களை அறியார். மனைவிக்கும் மக்களுக்கும்கூடச் சொல்லாதிருந்தோர் பலர். நம் வழக்கில் இதற்கு அமானிதம் என்று பெயர். காதில் விழுந்ததும் ஒப்படைக்கப்பட்ட பொருள்தான். அதைக் காப்பதும் உரியவரிடம் சேர்ப்பதும் கேட்டவர் பொறுப்பு.

மேலைநாட்டுச் சட்டங்களும் ஏறக்குறைய இந்த இடத்திலேயே கோடு கிழிக்கின்றன. 1934ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், பிறருக்குரிய வானொலிச் செய்தியைக் கேட்டு வெளியிடுவதையும் அதனால் ஆதாயம் பெறுவதையும் தடுத்தது. கேட்டலும் வெளியிடலும் சேரும்போதுதான் குற்றம் முழுமை பெறுகிறது. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. தமக்குரியதல்லாத செய்தியின் பொருளை அறியும் நோக்கோடு கருவியை இயக்குவதே அங்குக் குற்றம். நம் நாட்டிலோ ஐயத்திற்கே இடமில்லை. 1885, 1933 ஆகிய ஆண்டுகளின் பழைய சட்டங்களையடுத்து வந்த 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் உரிமையின்றிச் செய்திகளை இடைமறிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்துள்ளது. வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ளவே அஞ்சலகத்தில் உரிமம் புதுப்பித்த காலத்தை நம் பெரியோர் அறிவர். அவ்வுரிமம் போயிற்று, படைகளின் அலைகளுக்கான தடை போகவில்லை. நம் நாட்டுப் படைகளின் பேச்சைத் தேடி அலைவரிசையைத் திருகுவது மாணவர்க்கு ஆகாது. இதில் நயமாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அங்ஙனமாயின் இப்பொழுதுபோக்கு மனித இனத்திற்கு ஏதேனும் தந்துள்ளதா? தந்துள்ளது. அதற்கு ஒரு பள்ளிக்கூடம் சான்று. இங்கிலாந்தின் கெட்டரிங் நகர இலக்கணப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவர் ஜெஃப்ரி பெர்ரி. வேதியியல் ஆசிரியர் டெரெக் ஸ்லேட்டர் அமெச்சூர் வானொலி அறிந்தவர். 1960 முதல் இருவரும் சோவியத் செயற்கைக்கோள்களின் வானொலிக் குறிகளைக் கேட்கத் தொடங்கினர். ஓசை தரும் பொருள் நெருங்கும்போது அதிர்வெண் உயர்வதும் விலகும்போது தாழ்வதுமாகிய டாப்ளர் விளைவை மாணவர்க்குக் கற்பிக்க வானத்தில் ஓடும் பொருளைவிடச் சிறந்த கருவி உண்டா? கோஸ்மோஸ் என்ற பொதுப்பெயரில் சோவியத் நாடு ஏவிய கோள்களுள் பல படைத்துறையின் வேவுக்கோள்கள். அவை 20 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய சிற்றலையில் குறிகளை அனுப்பின. கோள் எந்த நேரத்தில் தலைக்கு மேல் வரும் எனக் கணக்கிட்டு, முறை வைத்து, மாணவர்கள் ஏற்பியின் முன் அமர்ந்தனர். வந்த நேரம், மறைந்த நேரம், குறியின் தன்மை எல்லாம் ஏட்டில் ஏறின.

1966 மார்ச் 17ஆம் நாள் ஏவப்பட்ட கோஸ்மோஸ் 112 அவர்கள் கணக்கில் ஒட்டாமல் நின்றது. அதன் பாதை நிலநடுக்கோட்டிற்கு 72 பாகை சாய்ந்திருந்தது. பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து அதுவரை சென்றவற்றிற்கு அத்தகைய சாய்வு இல்லை. ஒரு பாதையை மட்டும் பின்னோக்கி வரைந்தால் ஒரு கோடு கிடைக்கும். அக்கோட்டில் எந்த இடமும் ஏவுதளமாக இருக்கலாம். அவ்வாண்டு அக்டோபரில் ஏவப்பட்ட கோஸ்மோஸ் 129 வேறொரு சாய்வில் சென்றது. அதன் பாதையையும் வரைந்தபோது இரு கோடுகளும் வடரஷ்யாவில் ஆர்க்காங்கெல்ஸ்க் மாநிலத்துப் பிளெசெட்ஸ்க் அருகே ஒன்றையொன்று வெட்டின. உலகிற்கு அறிவிக்கப்படாத ஓர் ஏவுதளத்தை ஒரு பள்ளிக்கூடம் கண்டுபிடித்துவிட்டது. அவ்வாண்டின் இறுதியில் அச்செய்தி அச்சேறியது. சோவியத் அரசு அத்தளம் உண்டென்று ஒப்புக்கொண்டது 1983இல்தான்.

இது ஒற்றாடல் ஆகாதா என்று கேட்கலாம். இங்கே ஒரு செய்தியை எண்ணிப் பார்க்க வேண்டும். 1960 மே 1ஆம் நாள் சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க யு-2 விமானம், படமெடுக்கச் சென்ற இடங்களுள் பிளெசெட்ஸ்க்கும் ஒன்று. அதாவது பகையரசு அவ்விடத்தை முன்னரே குறித்து வைத்திருந்தது. பகையரசு அறிந்திருந்த ஒன்றை அறியாதிருந்தவர் பொதுமக்களே. சோவியத் மக்களும் மேலைநாட்டு மக்களும். மறை எனக் காக்கப்படுவனவற்றுள் பல இத்தன்மையன. கெட்டரிங் மாணவர் எவருடைய உறையையும் பிரிக்கவில்லை. எந்த மறைகுறியையும் உடைக்கவில்லை. தம் பள்ளியின் மேலே கடந்து போன ஒரு பொருளின் நேரத்தைக் குறித்து வைத்தனர். பின்பு கணக்குப் போட்டனர். இதனை நான் உற்றுக்கேட்டல் என்பேன். ஒட்டுக்கேட்டல் என்பது சுவரோடு ஒட்டிக் கேட்பது. சுவர் ஒன்று இருந்தால்தானே ஒட்டுவதற்கு?

இவ்வாறு சொல்லிவிடுவதால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. தாம் கேட்பதை விரும்பாத மக்களின் பேச்சைச் செவிமடுப்பவர்க்கு மறுமையில் நேரும் துன்பத்தைச் சொல்லிக் கடுமையாக எச்சரிக்கும் நபிமொழி புகாரித் தொகுப்பில் உள்ளது. அந்நபிமொழி சுவரைப் பற்றிப் பேசவில்லை. பேசுவோரின் விருப்பத்தைப் பற்றிப் பேசுகிறது. எண்களை வரிசையாகப் படிக்கும் படைநிலையம், தன்னை எவரும் கேட்பர் என்று தெரிந்தே படிக்கிறது. அது குறியீட்டால் தன் பொருளை மூடிக்கொண்டு தெருவில் நடக்கிறது. தெருவில் நடப்பவரைப் பார்ப்பது குற்றமன்று. ஆனால் போர்க்களத்தில் அகப்பட்டு, அச்சத்தால் நாக்குழறித் தன் தலைவனை அழைக்கும் ஓர் இளைஞனின் குரல் அத்தகையதா?

2022இல் உக்ரைன் போரில் இவ்வினா நேரில் எழுந்தது. ரஷ்யத் தரைப்படையினர் பல இடங்களில் மறைகுறியின்றித் திறந்த அலைகளிலேயே பேசினர். உக்ரைனிலும் வெளிநாடுகளிலும் இருந்த பொழுதுபோக்கினர் இணைய ஏற்பிகளின் வழியே அவற்றைப் பதிவு செய்தனர். கீவ் நகருக்கு மேற்கே மக்காரிவ் பகுதியில் பதிவான பேச்சுகளை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஆராய்ந்து வெளியிட்டது. உதவி வராது தவித்த படையினரின் குரல் அதில் இருந்தது. குடியிருப்புப் பகுதியைத் தாக்குவது பற்றிய பேச்சும் இருந்தது. அப்பதிவு அநீதிக்குச் சான்றாகும். கண்டதை மறைக்காது சாட்சி சொல்வது நம் மார்க்கத்தில் கடமை. அதே பதிவை இசை சேர்த்து, நகைத்து, கைப்பேசி தோறும் பரப்புவது என்ன? சாவின் விளிம்பில் நிற்பவன் எந்நாட்டவனாயினும் அவன் கதறல் கேளிக்கைப் பொருளன்று. ஒரே ஒலிநாடா ஒருவர் கையில் சாட்சியமாகவும் மற்றவர் கையில் புறமாகவும் ஆகிறது. அந்நபிமொழி யாரை நோக்குகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

2011 மார்ச்சில் லிபியாவில் நடந்ததையும் நோக்கலாம். துறைமுகத்தை விட்டு வெளியேறினால் தாக்கப்படுவீர்கள் என லிபியக் கப்பல்களுக்கு அமெரிக்க விமானம் ஒன்று வானொலியில் எச்சரித்தது. நெதர்லாந்துக்காரர் ஒருவர் தம் வீட்டிலிருந்து அதைப் பதிவு செய்து உலகிற்குக் கேட்பித்தார். அந்த எச்சரிக்கை கேட்கப்பட வேண்டுமென்றே ஒலிபரப்பப்பட்டது. அதை வெளியிட்டதில் தீங்கு காண்பதற்கில்லை. ஆனால் அப்போர் நாட்களில் பறந்துகொண்டிருந்த விமானங்களின் பெயர்க்குறிகளும் போக்கும் உடனுக்குடன் இணையத்தில் ஏறியபோது பொழுதுபோக்கினருக்குள்ளேயே கடும் வாதம் மூண்டது. வானிலிருப்பவரின் உயிர் நம் விரல் நுனியில் இருக்கும்போது ஒரு நாள் பொறுத்தால் என்ன என்றனர் ஒரு சாரார். அவர்கள் பக்கமே நான் நிற்கிறேன். இன்னொரு சாரார் கேட்பதையும் கடந்து குறுக்கிடவே முனைந்தனர். 2022 சனவரியில் முன்சொன்ன 4625 கிலோஹெர்ட்ஸின் மீது யாரோ கொரிய நாட்டுப் பாட்டொன்றை ஒலிபரப்பினர். பலர் சிரித்தனர். படைத்துறையின் அலையில் வேடிக்கை புகுத்துவது விளையாட்டாகாது.

வெளியிடுதலே தீது என்றும் கொள்ளலாகாது. இரண்டாம் உலகப்போரின்போது பெர்லின், டோக்கியோ வானொலிகள் தம் பரப்புரைக்கு இடையே, தம்மிடம் சிறைப்பட்ட அமெரிக்க வீரர்களின் பெயர்களையும் வீட்டு முகவரிகளையும் படித்தன. மக்கள் தம் பரப்புரையைக் கேட்கவேண்டும் என்பதற்கு இட்ட தூண்டில் அது. அமெரிக்காவில் சிற்றலைப் பெட்டி வைத்திருந்த எளிய மனிதர்கள், பெண்கள் பலர் உட்பட, இரவெல்லாம் விழித்திருந்து அப்பெயர்களை எழுதினர். உங்கள் மகன் உயிரோடிருக்கிறான் என்று முன்பின் அறியாத குடும்பங்களுக்குத் தம் செலவில் அஞ்சலட்டை எழுதினர். ஒரே குடும்பத்திற்குப் பற்பல ஊர்களிலிருந்து அட்டைகள் குவிந்ததும் உண்டு. எழுத்துப் பிழையாகக் கேட்ட முகவரிக்கும் அஞ்சல்காரர் தேடிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பகைவரின் பரப்புரைக்கு நடுவிலிருந்து ஒரு தாயின் பொருளைப் பிரித்தெடுத்து அவளிடம் ஒப்படைத்தவர்கள் அவர்கள். அமானிதம் என மேலே சொன்னதற்கு இதனினும் நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இனிப் பெரியவரின் இரண்டாவது வினா. அவர் அச்சம் வெறும் அச்சமன்று. நம் பிள்ளையின் மேசையில் ஒரு கம்பியும் செவிக்கருவியும் எண்கள் நிறைந்த ஏடும் இருப்பதைக் காண்பவர், அதே பொருள்கள் வேறொரு வீட்டில் இருந்தால் 'அறிவியல் ஆர்வம்' என்பர். நம் வீட்டில் இருந்தால் ஒரு கணம் தயங்குவர். அத்தயக்கத்தை அறியாதவர் நம்முள் இலர். அதனால் அறிவுத்துறை ஒன்றன் வாயிலை நாமே நம் பிள்ளைகளுக்குச் சாத்திவிடுவோமாயின் இழப்பு யாருக்கு?

துருவித் துருவி ஆராய்தலைத் தடுக்கும் திருவசனம் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம். பெரியவர் அதனை மனத்திற்கொண்டே வினவினார். அவ்வசனத்தின் வைப்புமுறையை அன்புகூர்ந்து நோக்க வேண்டும். அது முதலில் விலக்குவது மிகையான சந்தேகத்தை. அதன் பிறகே துருவி ஆராய்தலை. அதன் பிறகே புறம் பேசுதலை. ஒன்று மற்றொன்றைப் பெறும் வரிசை அது. சந்தேகம் கொண்டவன் துருவுகிறான். துருவியவன் புறம் பேசுகிறான். செவிக்கருவி அணிந்த மாணவனை மூன்றாவதும் இரண்டாவதும் கட்டுப்படுத்துமாயின், அவனைப் பார்த்துப் புருவம் உயர்த்துபவரை முதலாவது கட்டுப்படுத்துகிறது. பார்ப்பவர் அயலாராயினும் நம்மவராயினும் அதில் வேற்றுமையில்லை. நம்மவருள் சிலர்தாம் முதலில் புருவம் உயர்த்துகின்றனர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சட்டத்தின் வழியே நடக்க விரும்பும் மாணவர்க்கு வழி திறந்தே உள்ளது. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை அமெச்சூர் வானொலிக்குத் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்குகிறது. மின்னணுவியலின் அடிப்படையும் வானொலிச் சட்ட விதிகளும் அதில் வினவப்படும். நேரக்குறி நிலையங்கள், பன்னாட்டு ஒலிபரப்புகள், அமெச்சூர்களின் உரையாடல்கள் என எல்லோரும் கேட்பதற்கென்றே அனுப்பப்படுவனவற்றில் செவியைப் பழக்கலாம். இரைச்சலினின்று ஒரு பெயர்ச்சொல்லைப் பிரித்தெழுதும் பயிற்சி, ஏட்டுச்சுவடியில் செல்லரித்த எழுத்தைப் படிக்கும் பயிற்சிக்குத் தோழமையானது. கேட்டதையே எழுதுவது, ஊகித்ததை எழுதாதிருப்பது, ஐயமுள்ள இடத்தில் புள்ளியிட்டு விடுவது ஆகிய மூன்றையும் பதிப்பாசிரியரும் வானொலி கேட்பவரும் ஒருங்கே பயில வேண்டும்.

இக்கல்லூரியில் இயற்பியல் துறை இருக்கிறது, தமிழ்த்துறை இருக்கிறது, நூலகக் கட்டடத்தின் மேல்மாடி பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. இரு கழிகளுக்கிடையே கட்டப்படும் பதினைந்து மீட்டர் செப்புக்கம்பி, ஒரு சிற்றலை ஏற்பி, தேதியும் உலக நேரமும் அலைவரிசையும் கேட்டதும் எழுதுவதற்கு ஒரு தடித்த பேரேடு ஆகியவை போதும். பேரேட்டில் நாள்தோறும் ஓர் ஆசிரியர் கையொப்பமிட வேண்டும். எவரும் எப்போதும் வந்து புரட்டிப் பார்க்கும்படி அது மேசையின் மேல் திறந்திருக்க வேண்டும். அந்தப் பெரியவரையே முதல் நாள் வந்து கேட்கும்படி அழைக்கலாம். கல்லூரி ஆட்சிக்குழுவினர் இவ்விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.